‘சு’ என்றால் யாருடைய?

மேல் டிவிஷன் லயம்,
வண்டிப்பெரியாறு,
12.1.2025

அன்புள்ள மதினிக்கு ஜிஸ்மி எழுதுவது.

மூக்கடைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே எல்லோரும் சுகம். வெயில் வந்தால் மாமா வாசலில், போனால் கட்டிலில். நிமிக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருப்பேன். மடத்து போன் மதர் மேஜையில் இருக்கிறதே, நாம் பேசுவது அத்தனையும் அவர்கள் காதில் விழும். அதனால்தான் தபால்.

உங்கள் தம்பி திங்கட்கிழமை கிளம்பி மாட்ரிட் போய்ச் சேர்ந்துவிட்டார். கிளம்பும் நேரத்தில் ஒரு செய்தி சொன்னார். மே மாதக் கடைசிக்குள் நான் எஸ்டேட் வேலையை ராஜினாமா செய்ய வேண்டுமாம். ஜூனில் நிமியைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிட வேண்டுமாம். மாமாவை உங்கள் மடத்து முதியோர் இல்லத்தில் சேர்த்துக்கொள்வீர்களாம். அதற்குள் நான் உங்களிடம் ஸ்பானிஷ் படிக்க வேண்டுமாம். இந்த பெர்மனன்ட் வேலையை விட்டால் லயத்து வீடும் போய்விடும், பிறகு திரும்பி வர எனக்கு ஓர் இடம் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பெட்டியைப் பூட்டிவிட்டார்.

பாடம் தொடங்கும் முன்பே ஒரு சந்தேகம். லீவில் இருந்தபோது நிமி அவர் போனில் விளையாடுவாள். அப்போது திரையின் மேலிருந்து ஸ்பானிஷ் செய்திகள் இறங்கும். அனுப்புகிறவர் பெயர் ‘பனதேரியா’. சிலதைப் பார்த்து எழுதிவைத்தேன். ஒன்று, ‘சுமெர்சே யா யெகோ?’ என் போனில் போட்டுப் பார்த்தால் ‘உங்கள் மெர்சி வந்துவிட்டாரா’ என்று காட்டுகிறது. கீழ் டிவிஷன் மெர்சியை உங்களுக்குத் தெரியும். இவர் போன அதே வருஷம், அதே ஏஜென்சி வழியாக ஸ்பெயின் போனவள்.

கொலம்பியாவில் துன்ஹா மடத்தில் பதினாலு வருஷம் இருந்துவிட்டு வந்த நீங்கள் இருக்கும்போது நான் வேறு யாரிடம் கேட்பேன்? ராஜினாமா எழுதும் முன் எனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

உங்கள் செபத்தில் எங்களையும் நினையுங்கள்.
ஜிஸ்மி


கோவிந்தாபுரம்,
25.1.2025

அன்பு ஜிஸ்மிக்கு,

வாக்கரை மூலையில் சாத்திவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிற்றாலயம் வரை போய் வருகிறேன். பால் ஊற்ற வரும் பெரியம்மாள், “ஏனுங்க சிஸ்டரு, இனி நீங்க ஓடவே செய்வீங்க” என்கிறாள். அப்பாவைக் காலையில் கம்பளி இல்லாமல் வெளியே விடாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பாவம் மெர்சி. சுமெர்சே என்பது யாருடைய பெயரும் அல்ல. ‘தங்கள் சமூகம்’ என்கிற மாதிரி ஒரு பழைய மரியாதைச் சொல், தேய்ந்து தேய்ந்து வெறும் ‘நீங்கள்’ ஆகிவிட்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு, பாடமாகவே படித்துக்கொள். ஸ்பானிஷில் ஒருவரை மரியாதையாக அழைத்தால் வினைச்சொல் ‘அவர்’ உடையதாக வரும். ‘யெகோ’ என்றால் அவர் வந்தார். அதுவே நீங்கள் வந்தீர்கள் என்றும் ஆகும். ஆகவே உன் வாக்கியத்துக்குப் பொருள், ‘நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்களா?’ அவ்வளவுதான்.

பனதேரியா என்றால் ரொட்டிக்கடை. வாடிக்கைக்காரரைக் கடைக்காரி மரியாதையாக விசாரித்திருக்கிறாள். இந்தப் பக்கத்துப் பேச்சை நீ கேட்க வேண்டும். பெரியம்மாள் தன் கன்றுக்குட்டியையே “வாங்க சாமி, தண்ணி குடிங்க” என்றுதான் அழைக்கிறாள். அதற்காக யாராவது சந்தேகப்படுவார்களா?

இந்த மாதத்துப் பாடம் இரண்டு சொற்கள். மரியாதைக்கு ‘உஸ்தெத்’, நெருக்கத்துக்கு ‘தூ’. மனப்பாடம் செய். ராஜினாமா விஷயத்தை இழுத்தடிக்காதே. புருஷன் கூப்பிடுகிற இடத்தில் இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது.

ஆசீருடன்,
மதலேன்


வண்டிப்பெரியாறு,
9.2.2025

அன்புள்ள மதினி,

நலம். மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டே திட்டுகிறார், திட்டுவதற்குத் தெம்பு இருக்கிறது. நீங்கள் சுவரை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டீர்களா?

உங்கள் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெர்சியின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்கு முன் சில வாரமாக முகம் கொடுக்காமல் இருந்தேன். அந்த அம்மாளுக்கு எதற்கென்று கடைசி வரை தெரியாது, கேக் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்கமாக இருந்தது.

உஸ்தெத் படித்துவிட்டேன். தூவும் படித்துவிட்டேன். புருஷனைப் பார்த்து ‘தூ’ என்றால் நம் ஊரில் பஞ்சாயத்தைத்தான் கூட்ட வேண்டும். மரியாதைச் சொல் வந்தால் அந்நியர் என்று எழுதிவைத்துக்கொண்டேன், அன்றைக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது. மறுநாள் அவரோடு வீடியோவில் பேசும்போதுதான் உறைத்தது. அவர் என்னை “ஏட்டி” என்கிறார். நான் அவரை “நீங்க” என்கிறேன். மரியாதை அந்நியத்துக்கு அடையாளம் என்றால் இந்த லயத்தில் ஒருத்திக்கும் கல்யாணமே ஆகவில்லை, மதினி. அங்கே புருஷனை மரியாதையாகக் கூப்பிடுகிற பெண்டாட்டி கிடையவே கிடையாதா?

இன்னொன்று. அதே ரொட்டிக்கடையிலிருந்து கிறிஸ்துமஸ் வாரம் வந்தது, ‘மக்தலேனா யா கமீனா.’ மக்தலேனா நடக்கிறாள் என்று போன் சொல்கிறது. மக்தலேனா என்றால் மதலேன், உங்கள் பெயர்தானே?

விரைவில் எழுதுங்கள்.
ஜிஸ்மி


கோவிந்தாபுரம்,
2.3.2025

அன்பு ஜிஸ்மிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மடத்தில் விருந்தினர், அதற்கு மேல் எனக்குக் காய்ச்சல். இப்போது தேவலை. நிமிக்குப் பரீட்சை நெருங்குகிறது, டிவியை அணைத்து வை.

நீ கேட்டதற்குப் பதில். ஸ்பெயினில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் தூ என்றுதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக்கூட அங்கே தூ என்பார்கள். உஸ்தெத் கேட்பதே அபூர்வம்.

மக்தலேனா நடக்கிறாள் என்றது என்னைப் பற்றித்தான். நவம்பரில் எனக்கு ஆபரேஷன் ஆனது அங்கே பலருக்குத் தெரியும், தம்பி ஜோபி சொல்லியிருப்பான். நல்ல மனசு உள்ளவர்கள் விசாரிக்கிறார்கள்.

இந்த மாதத்துப் பாடம் எண்களும் உடம்பின் உறுப்புகளும். மருத்துவமனைக்குப் போனால் உதவும். பட்டியல் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இனி பாடத்தில் உள்ளதை மட்டும் கேள். போனில் இறங்குகிற துண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு மொழி படிக்க முடியாது.

ஆசீருடன்,
மதலேன்


வண்டிப்பெரியாறு,
16.3.2025

அன்புள்ள மதினி,

காய்ச்சல் முழுதும் விட்டதா? இங்கே வெயில் ஏறிவிட்டது, கொழுந்து குறைவு. மாமாவுக்கு ராத்திரி இருமல் மட்டும் நிற்கவில்லை.

எண்களும் உறுப்புகளும் முடித்துவிட்டேன். நிமி என்னைப் பரீட்சை வைத்துத் தோற்கடிக்கிறாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முழங்காலைப் பற்றி உங்களுக்கே தெரியாதா? உங்கள் தம்பிதான் உங்கள் உடம்பைப் பற்றி அந்தக் கடைக்காரிக்குச் சொல்ல வேண்டும். அவளோ உங்கள் தம்பிக்குச் சொல்கிறாள், மக்தலேனா நடக்கிறாள் என்று. மாட்ரிட் ரொட்டிக்கடையில் இருக்கிறவளுக்கு கோவிந்தாபுரத்து மடத்தில் நீங்கள் நடந்தது எங்கிருந்து தெரிந்தது? அன்றைக்கு நீங்கள் வாக்கரையே விடவில்லை.

இதையும் பாருங்கள். ‘சு நீஞா லோ எஸ்த்ராஞா.’ நீஞா என்றால் பெண் குழந்தை. ‘உங்கள் மகள் உங்களை நினைத்து ஏங்குகிறாள்’ என்றுதான் எனக்குப் படுகிறது. அது வந்தபோது நிமி அவர் மடியில் இருந்தாள். அவரும் மேலே இறங்கியதைப் படித்தார். போனை மெல்ல வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “ரொட்டிக்கடைக்காரி கெடக்கா, அவளுக்கு வேற வேலையில்ல” என்றார். நான் ஒன்றுமே கேட்கவில்லை, மதினி.

மடியில் இருக்கிற மகள் எப்படி ஏங்குவாள்?

ஜிஸ்மி


கோவிந்தாபுரம்,
8.4.2025

அன்பு ஜிஸ்மிக்கு,

தவக்காலம் என்பதால் கடிதம் எழுதுவதைக் குறைத்திருந்தேன். அப்பாவின் இருமலுக்கு டாக்டரிடம் காட்டு, கஷாயத்தோடு நிறுத்தாதே.

‘சு’ என்கிற சொல் புதிதாகப் படிக்கிறவர்களை நிச்சயம் குழப்பும். அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, உங்களுடைய எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். யாருடைய என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீ ‘உங்கள் மகள்’ என்று எடுத்துக்கொண்டாய். ‘அவளுடைய மகள்’ என்று எடுத்தால் சிக்கலே இல்லை. கடையில் வேலை செய்கிற பெண் தன் முதலாளியம்மாவின் குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறாள். ஜோபி குழந்தைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறவன், அது தேடியிருக்கும்.

மொழியில் இரண்டு பொருள் வரும் இடத்தில் நல்ல பொருளை எடுத்துக்கொள்வதும் ஒரு புண்ணியம். நீ ஒவ்வொரு முறையும் கெட்டதையே எடுக்கிறாய். அடுத்தவர் செய்தியைப் படித்துக் குமைவது உனக்கும் நல்லதல்ல, நிமிக்கும் நல்லதல்ல. மே முப்பத்தொன்று வந்துகொண்டிருக்கிறது. ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

பாஸ்கா வாழ்த்துகளுடன்,
மதலேன்


வண்டிப்பெரியாறு,
24.4.2025

மதினிக்கு,

பாஸ்கா நன்றாக நடந்தது. மாமாவை டாக்டரிடம் காட்டினேன், நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார். உங்களுக்கும் சுகம் என்று நினைக்கிறேன்.

குமுளியில் ஸ்பைஸ் தோட்டத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற ஜிஜி என்னோடு பள்ளியில் படித்தவள். பெரிய வியாழனன்று பார்த்தேன். பெயர் எதுவும் சொல்லாமல் அந்த வாக்கியங்களை மட்டும் காட்டினேன். ஸ்பெயின்காரர்கள் ஏங்குவதற்கு வேறு மாதிரி சொல்வார்களாம், ‘எஸ்த்ராஞா’ என்பது கடலுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சாம். சுமெர்சே என்கிற சொல்லை ஸ்பெயினிலிருந்து வந்த ஒருவர் வாயிலும் அவள் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பொகோத்தா பக்கத்து மலைக்காரங்க, ரெண்டு பேரும் வயசானவங்க. பொண்டாட்டி புருசன அப்படித்தான் கூப்பிட்டா.”

துன்ஹா பொகோத்தாவுக்குப் பக்கத்து மலைதானே, மதினி? அங்கே பதினாலு வருஷம் இருந்த உங்கள் காதில் ஒரு பெண்டாட்டியின் சுமெர்சேகூடவா விழவில்லை? நான் கேட்டது ‘அங்கே’ என்று. நீங்கள் பதில் சொன்னது ஸ்பெயினைப் பற்றி. பொய் சொல்லவில்லை, ஊரை மட்டும் மாற்றிவிட்டீர்கள்.

கடைசியாக ஒரு வாக்கியம். இதை உங்களுக்குக் காட்டாமலே வைத்திருந்தேன், என்ன காரணம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவர் கிளம்புகிற அன்று காலையில் வந்தது. ‘மக்தலேனா யா தியேனே க்வாத்ரோ தியேந்தெஸ்.’ நீங்கள் அனுப்பிய பட்டியலை வைத்து நானே படித்துவிட்டேன். க்வாத்ரோ, நாலு. தியேந்தெஸ், பற்கள். மக்தலேனாவுக்கு நாலு பல் முளைத்துவிட்டது.

உங்களுக்கு முழு வரிசையும் இருக்கிறதே. எந்த மக்தலேனா?

ஜிஸ்மி


வண்டிப்பெரியாறு,
8.5.2025

மதினிக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

ஆபீஸில் கிளார்க் கூப்பிட்டு, ராஜினாமா கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன், எப்போது என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் தம்பி அங்கிருந்து போன் செய்து சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு அடுத்த ஆள் பெயரைக்கூடக் குறித்துவிட்டார்களாம். இந்த வீட்டில்தான் நிமி பிறந்தாள். கொழுந்துக் கூடையோடு தேயிலைக்குள் நின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

இலக்கணம் எல்லாம் போதும். ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுதுங்கள்.

ஜிஸ்மி


கோவிந்தாபுரம்,
17.5.2025

அன்பு மகளே ஜிஸ்மி,

இதுவரை உன்னை மகளே என்று எழுதியதில்லை, இன்று எழுதத் தோன்றுகிறது. என் முழங்காலைப் பற்றி இனிக் கேட்காதே.

ஆம்.

அவள் பெயர் யெனி. துன்ஹாவில் எங்கள் விடுதியில் வளர்ந்த பெண். பிழைக்க மாட்ரிட் போனபோது அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. நான்தான் ஜோபியின் நம்பரைக் கொடுத்தேன், ஓர் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. அவனுக்கு மனைவி இருப்பது அவளுக்குத் தெரியாது என்று ஜோபி சொல்கிறான். குழந்தைக்கு என் பெயரை வைத்தது அவள். போன வருஷத் தவக்காலத்தில்தான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து அவனை விடாமல் நச்சரித்து, உன்னை அங்கே அழைத்துக்கொள்ள வைத்தது நான். நீயும் நிமியும் போய் அவன் முன்னால் நின்றுவிட்டால் அவன் புத்தி தானாகத் திரும்பும். முன்பே சொல்லியிருந்தால் நீ கிளம்பியிருக்க மாட்டாய். உன் நன்மைக்குத்தான் சொல்லவில்லை.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம், அப்பாவுக்கும் வேண்டாம். இவ்வளவு தூரம் நாம் சேர்ந்து தாங்கிவிட்டோம், இனி இதை நேராக்கிவிடலாம்.

கண்ணீருடன்,
மதலேன்


மேல் டிவிஷன் லயம்,
வண்டிப்பெரியாறு,
25.5.2025

சிஸ்டர் அவர்களுக்கு,

மாமா சுகம், நிமி சுகம். நானும் வேலைக்குப் போய் வருகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமே உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். எடுத்தவுடன், ராஜினாமா கொடுத்தாயிற்றா என்று கேட்டார். “மக்தலேனாவுக்கு இப்ப எத்தன பல்லுங்க?” என்றேன். பிறகு ஸ்பானிஷில் யாரிடமோ ஏதோ சொன்னார், ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் நிறையப் பேசினார். மன்னிப்பு என்றார், தனிமை என்றார், அக்கா எல்லாவற்றையும் சரி செய்துவிடுவதாகச் சொன்னாள் என்றார். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போய், நான் வேலையை விடவில்லை, யார் என்ன சொல்லியிருந்தாலும் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது என்று சொன்னேன். கிளார்க் அடுத்த ஆள் பெயரை அடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். ஒரே வீட்டில் அவருக்கு மறைத்து நான் வாழ முடியாது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடைசியில், “நான் மடத்துக்குப் போகல தாயி. ஒங்கூடவே கெடக்கேன்” என்றார்.

அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. யெனிக்கு நான் இருப்பது தெரியாது என்று அவர் சொன்னதை நீங்கள் நம்பலாம், நான் இனி அவர் சொல்வது எதையும் நம்புவதாக இல்லை. அவளுக்குத் தெரியட்டும் என்று, அந்த வாக்கியங்களோடு குறித்துவைத்திருந்த ‘பனதேரியா’ நம்பருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினேன், நான் யார் என்று மட்டும். வாக்கியத்தில் பிழை இருக்கலாம். ஆனால் இரண்டு பொருள் வராத மாதிரி எழுதினேன்.

பாடங்களுக்கு நன்றி. இனி அனுப்ப வேண்டாம். உங்கள் கடைசிக் கடிதத்தில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. ‘நாம் சேர்ந்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பானிஷில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்தானாம், ஜிஜி சொன்னாள். அங்கே நெடுநாள் இருந்ததில் உங்களுக்குக் கை தவறியிருக்கும். நீங்களும் உங்கள் தம்பியும் ஒரு வருஷமாகச் சேர்ந்து தாங்கியதில் நான் இல்லை. அது ‘நாங்கள்’. திருத்திக்கொள்ளுங்கள்.

ஜிஸ்மி